தூணில் மிஞ்சிய மூன்றங்குலம்

நாலாவது முறை கூட்டியபோதும் மூன்று அங்குலம் மிஞ்சியது.

ஐயம்பெருமாள் பென்சிலைக் கீழே வைத்தான். பீடம் ஓரடி ஒன்பது அங்குலம். அதன்மேல் நிற்கும் குறத்தி நாலடி ஒன்று. அவள் தலைக்கு மேலே உள்ள பட்டை ஓரடி நாலு. உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை ஓரடி ஒன்று. ஆக எட்டடி மூன்று அங்குலம். ஆனால் தூணின் மொத்த உயரம் எட்டடிதான். துண்டுகள் சேர்ந்து முழுசைவிடப் பெரிதாக இருந்தன.

"முடிஞ்சிட்டா எய்யா?" அடுப்புக்கு முன்னால் இருந்த அம்மா மாரிக்கண்ணு கேட்டாள்.

"இல்லம்மா."

"மூணு நாளா இதே பதிலு. இதுல ஆகலைன்னா சொல்லிரு. பாதிரியார் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேலைக்கு ஆள் கேக்காவ. அதையாவது போய்ப் பாரு."

கேட்டுக் கேட்டு அவளும் அலுத்திருந்தாள், சொல்லிச் சொல்லி அவனும் அலுத்திருந்தான்.

அவன் முன்னால் கிடந்தது சென்னையிலிருந்து வந்த விண்ணப்பம். பழைய சிற்பங்களையும் கட்டடங்களையும் ஆராயும் சர்க்கார் இலாகாவில் இரண்டு வருஷப் படிப்பு, மாதச் சம்பளத்தோடு. மாகாணத்துக்கே ஒரே ஆள். சென்னையின் பெரிய காலேஜில் படித்தவன் என்றால் புரொபஸர் கொடுக்கும் ஒரு கடிதம் போதும். ஐயம்பெருமாள் எஃப்.ஏ. தேறியது திருநெல்வேலியில் ஒரு இரண்டாந்தரக் காலேஜில். அதன் பெயரைச் சென்னையில் யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட காலேஜ்காரர்களுக்கு விண்ணப்பத்தில் தனியாக ஒரு பகுதி இருந்தது. இதுவரை யாரும் அளந்து வரையாத ஒரு சிற்பத்தை அங்குலக் கணக்கோடு வரைந்து அனுப்ப வேண்டும். அளந்த முறையையும் எழுத வேண்டும். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேர வேண்டும்.

யாரும் வரையாத சிற்பம் ஊரிலேயே இருந்தது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, தாமிரபரணியின் படுகையிலேயே கட்டிய சிறிய சிவன் கோயில். அதன் முன்மண்டபத்தில் இடுப்பில் கூடையோடு ஒரு குறத்தி. ஆனால் ஐயம்பெருமாளின் தெருவில் பிறந்த யாரும் அந்த மண்டபத்துக்குள் கால்வைக்கக் கூடாது. ஆற்றுமணலில் நின்று கும்பிடலாம். அங்கிருந்து பார்த்தால் குறத்தியின் ஒரு தோளும் கூடையின் விளிம்பும் தெரியும். சின்ன வயதிலிருந்து அவன் பார்த்தது அவ்வளவுதான்.

தர்மகர்த்தா நாறும்பூநாத பிள்ளையிடம் போய்க் கேட்டிருந்தான். அவர் கோபிக்கவில்லை. படம் போடுவது நல்ல காரியம் என்றும், வெளியே நின்று தெரிகிற மட்டும் போட்டால் போதாதா என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதனால் கூடப் படித்த கோபாலசுப்பிரமணியன் அவனுக்காக உள்ளே போய் அளந்து வந்தான். அக்கிரகாரத்துப் பையன்; நல்லவன். அவன் 'நீ' என்பான், ஐயம்பெருமாள் 'நீங்க' என்பான். காலேஜில் இரண்டு வருஷம் ஒன்றாக இருந்தும் அது இருவருக்கும் உறைத்ததில்லை. இவன் புதிதாக வாங்கி வைத்திருந்த தையற்காரர் துணி டேப்பைக் கொண்டுபோய்த்தான் அவன் நாலு பகுதிகளையும் அளந்தான். எட்டடிக்கு டேப் எட்டாது. அதனால் மொத்த உயரத்துக்கு, விளக்கேற்றும் மூங்கில் கழியைத் தூணோடு நிறுத்திக் கத்தியால் அடையாளம் வெட்டி, கழியை வெளியே கொண்டுவந்து மணலில் படுக்க வைத்தான். கோயில் கழியை ஐயம்பெருமாள் தொடக்கூடாது. ஆகவே வெட்டுக்கு நேராகவும் அடிமுனைக்கு நேராகவும் மணலில் இரண்டு கோடு இழுத்துவிட்டு அவன் கழியை உள்ளே கொண்டுபோக, ஐயம்பெருமாள் ஓரடி மரஸ்கேலை எட்டுமுறை மாற்றி வைத்துக் கோட்டுக்குக் கோடு அளந்தான். சரியாக எட்டு.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. மொத்தத்தை அளந்தது மரம். துண்டுகளை அளந்தது துணி.

எழுந்துபோய்ச் சுவரில் மரஸ்கேலால் மூன்றடிக்குக் கோடு போட்டான். டேப்பைப் பிடித்துப் பார்த்தான்; கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. டேப்பைத் தண்ணீர்ப் பானையில் முக்கி எடுத்து மறுபடி பிடித்தான். மூன்றடி ஒரு அங்குலத்துக்கும் கொஞ்சம் மேலே காட்டியது. பருத்தி நூல் தண்ணீர் குடித்தால் பருக்கும். பருத்தால் நெசவு நெருங்கி நீளம் குறையும். குறைந்த டேப் எல்லாவற்றையும் கூடுதலாகக் காட்டும். எட்டடியில் மூன்று அங்குலம்.

ஆனால் அளந்த அன்று மழை இல்லை. டேப் எப்படி நனைந்தது?

மறுநாள் ஆற்றுப் பாதையில் கோபாலசுப்பிரமணியனை நிறுத்திக் கேட்டான்.

"முக்கித்தான் எடுத்துண்டு போனேன். குளிச்சு ஈரவேஷ்டியோட போறச்சே உங்க வீட்டுச் சாமானை அப்படியே எப்படி உள்ள கொண்டு போறது? குருக்கள் வேற பார்த்துண்டே நின்னார். ஆத்துல ஒரு முக்கு முக்கினேன். அதுல என்ன வந்துடுத்து?"

"மூணு அங்குலம் வந்துட்டு," என்றான் ஐயம்பெருமாள்.

கோபாலசுப்பிரமணியனின் முகம் சுண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை தன் வீட்டு டேப்பையே எடுத்துப் போய் மறுபடி அளந்து தருவதாகச் சொன்னான். மனதாரத்தான் சொன்னான்.

புதன்கிழமை ஆற்றில் வெள்ளம் வந்தது.

கார்த்திகையில் வெள்ளம் வருவதும் கோயில் முங்குவதும் வருஷாவருஷம் நடப்பதுதான். தண்ணீர் ஏறுவதற்கு முன் உற்சவ மூர்த்தியைக் கரைமேல் உள்ள மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூல லிங்கத்தின் சக்தியைக் குடத்து நீரில் இறக்கி, குடத்தையும் கூடவே எடுத்துப் போவார்கள். வெள்ளம் வடிந்தபின் கோயிலுக்குள் இடுப்பளவு வண்டல் நிற்கும். அதை அள்ளிக் கொட்டிக் கழுவி, தீர்த்தம் தெளித்துச் சுத்தம் செய்து, பிறகுதான் சுவாமி திரும்புவார். அந்த வருஷம் சுவாமி திரும்பத் தை முதல் தேதிக்கு நாள் குறித்தார்கள்; விண்ணப்பத்தின் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடும். அதுவரை அக்கிரகாரத்திலிருந்தோ பிள்ளைமார் தெருவிலிருந்தோ யாரும் உள்ளே போகமாட்டார்கள். சுவாமி இல்லாத இடத்தில், சேற்றில், அவர்களுக்கு என்ன வேலை?

வண்டல் அள்ளுவது ஐயம்பெருமாளின் தெருவுக்கு உள்ள கடமை. வீட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டியும் கூடையும் மட்டும் கொண்டு வர வேண்டும்; இரண்டு நாள்.

மார்கழி பிறந்ததும் கோயில் ஆள் வந்து கூப்பிட்டான். ஐயம்பெருமாள் மண்வெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மரஸ்கேலைப் பிடியின்மேல் வைத்து, அங்குலத்துக்கு ஒரு வெட்டும் அரை அங்குலத்துக்கு ஒரு கீறலுமாக மூன்றடிக்குச் செதுக்கினான். மரம் தண்ணீரில் கொஞ்சம் பருக்குமே தவிர நீளவாக்கில் மாறாது.

என்ன செய்கிறான் என்று மாரிக்கண்ணுவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மண்வெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நீ கூடையைத் தொடக்கூடாதுன்னுதாம்ல இத்தனை வருசம் நான் தொட்டேன்."

"ரெண்டு நாளுதாம்மா."

"ரெண்டு நாளுன்னு ஒண்ணு கெடையாது. ஒரு தடவை பாத்துட்டாம்னா அடுத்த வருசம் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான்."

"வேற வழி இருந்தாச் சொல்லும்மா. கேக்கேன்."

அவள் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். விடிந்ததும் இருவருமாகப் போனார்கள். நாறும்பூநாத பிள்ளையின் கணக்குப்பிள்ளை, ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஆள் என்று மகிழ்ந்து உள்ளே விட்டான்.

அவன் பிறந்து இருபத்தொரு வருஷத்தில் முதல்முறையாகக் குறத்தியை முழுதாகப் பார்த்தான். முழுதாக என்றால் இடுப்புக்கு மேலே. கீழ்ப்பாதி மண்ணில் இருந்தது. அது ஒருவகையில் வசதி. மண்மேட்டில் ஏறி நின்றபோது போதிகை கைக்கு எட்டியது. மண்வெட்டியை ஓங்குவதுபோல் தூக்கித் தூணோடு ஒருகணம் சாய்த்துப் பிடித்தான். ஓரடி அரை அங்குலம். பிறகு பட்டை. மண்ணை வெட்ட வெட்ட மேடு இறங்கியது. மேடு இறங்க இறங்க அவனும் குறத்தியின் தலையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் இறங்கினான். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் பாதம் வெளியே வந்தது. மாலையில் பீடம்.

எழுதி வைக்கக் கையில் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அளவையும் கூடையைத் தூக்கிவிடும்போது அம்மாவின் காதில் சொன்னான். அவள் அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மண்ணைக் கொட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். பின்னால் வந்தவர்கள் சாமி பேரைச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

ஒருமுறை நின்று குறத்தியை ஏறிட்டுப் பார்த்தாள். "இவளும் கூடைக்காரிதான். இவளை மட்டும் எப்படி உள்ள விட்டாவ?"

"கல்லுல்லாம்மா."

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க அந்தியில் நாறும்பூநாத பிள்ளை வந்தார். வாசலுக்கு வெளியே நின்றபடி ஐயம்பெருமாளை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏலே, நீ மாரிக்கண்ணு மவன்லா? எஃப்.ஏ. படிச்சவன்?"

"ஆமா ஐயா."

"பிடியில என்னலே வெட்டு?"

"வழுக்காம இருக்க, ஐயா."

அவருக்குத் திருப்தியாக இருந்தது. "படிச்சும் தொழிலை மறக்கல பாத்தியா. அடுத்த வருசமும் வந்துரு, என்ன?"

மாரிக்கண்ணு மகனைப் பார்க்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர்கள் மணலில் இறங்கியதும், பின்னால் குருக்கள் வாசலில் மஞ்சள்நீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் அவள் நாலு அளவையும் பிசகாமல் சொல்ல, அவன் எழுதினான். கூட்டினான். ஒருமுறைதான் கூட்டினான்.

படத்தை மையிட்டு முடித்த அன்று கோபாலசுப்பிரமணியன் வந்து தெருமுனையில் நின்றான். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, மண் அள்ளின கதையை மட்டும் விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னான்.

"நேரில் சென்று அளந்தேன்னு போடு, போதும். மெட்ராஸ்காரனுக்கு என்ன தெரியும்?"

"அளந்த முறையைக் கேட்டிருக்காவளே," என்றான் ஐயம்பெருமாள்.

அன்று மாலை அந்த இடத்தை இங்கிலீஷில் நிரப்பினான். தமிழில் அது இவ்வளவுதான்:

'அளவுகோல்: மண்வெட்டிப் பிடி, அரை அங்குலம்வரை குறி வெட்டியது. துணி டேப் உதவாது. கோயிலுக்குள் போகுமுன் அதை நனைத்துவிடுகிறார்கள். அளந்தவனுக்குக் கோயிலுக்குள் போக உரிமை இல்லை; வெள்ளத்துக்குப் பின் வண்டல் அள்ளும் இரண்டு நாள் மட்டும் உண்டு. மண்மேட்டில் நின்று மேல்பகுதியை முதலில் அளந்து, மண் குறையக் குறையக் கீழ்ப்பகுதிகளை அளக்க வேண்டும். போதிகை ஓரடி அரை அங்குலம். பட்டை ஓரடி மூன்றரை. உருவம் மூன்றடி பதினொன்றரை. பீடம் ஓரடி எட்டரை. கூட்டினால் எட்டடி. தூணின் உயரம் எட்டடி.'