வண்டி வருகிற சத்தம்

செந்தூர்பாண்டி அந்தக் காரை வாங்கி வந்த அன்றைக்குத் தெருவே மொட்டைமாடி ஏறியது. காரைப் பார்க்கத்தான் ஏறினார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு விருதுநகரைத் தெரியாது. புகையைப் பார்க்க ஏறினார்கள்.

விவரமாகச் சொல்ல வேண்டும். அது இங்கிலாந்தில் செய்த கார், பதின்மூன்று வருஷப் பழசு. நீளமான மூக்கு, இரண்டே கதவு. பின்சீட் என்று ஒன்று உண்டு, அதில் ஒரு மஞ்சப்பையை வைத்தால் அடுத்த மஞ்சப்பைக்கு இடமில்லை. கம்பெனி பேர் யார் வாயிலும் நுழையாததால் தெருவில் அதற்கு ‘வெள்ளைக்காரன் வண்டி’ என்று பேராகிவிட்டது. முன்னே கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் வைத்திருந்தார். ஊர் விட்டு ஊர், தேசம் விட்டு தேசம், நாள் கணக்கில் அலுங்காமல் போவதற்கென்றே செய்த வண்டி. அந்த மனுஷன் அதில் கிளப்புக்கும் வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தார். இப்படியும் சில பேர்.

வண்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. நன்றாக மிதித்து வந்து காலை எடுத்தால் பின்னால் புகைக்குழாயில் ‘பட், பட்பட், பட்’ என்று வெடிக்கும். முதல் நாள் செந்தூர்பாண்டி தெருமுனையில் திரும்பும்போது காலை எடுத்தார், வெடித்தது. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் உள்ள இந்தப் பக்கத்தில் கோயில் வெடி எது, சாவுக்குப் போடும் கேத வெடி எது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இரண்டிலும் சேராத சத்தம் ஒன்று பட்டப்பகலில் கேட்டால் யாரும் காதைப் பொத்துவதில்லை, மாடிக்கு ஓடுவார்கள். எந்தத் திசையில் புகை, அந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். அன்றைக்கு முதல் ஆளாக ஓடியவள் செந்தூர்பாண்டியின் மனைவி ஞானசுந்தரி, அதுவும் தேய்ந்துபோன முட்டியை வைத்துக்கொண்டு.

இறங்கி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

“இது எழுப்பின சத்தமா?”

“ஆமா சுந்தரி. பயப்படாத, அது வண்டியோட ஸ்டைலு.”

“நல்லா இருக்கு ஸ்டைலு. இந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன். சொல்லிட்டேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். செந்தூர்பாண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பதென்று மறந்துபோனது.

ஏனென்றால் அவர் அந்த வண்டியை வாங்கியதே அவளுக்காக. அவருக்கு ஆமத்தூர் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. கல்யாணமான வருஷம் சிவகாசியில் அச்சான ஒரு மாதக் காலண்டர் வீட்டுக்கு வந்தது. அதில் ஆகஸ்ட் மாதத்துக்கு ஜோக் அருவி. நாலு தாரையாக, பால் பொங்கி வழிகிற மாதிரி. “இப்படி ஒரு இடம் நெசமாவே இருக்கா?” என்று கேட்டாள் ஞானசுந்தரி. “இருக்கு, கர்நாடகாவுல. கூட்டிட்டுப் போறேன்,” என்றார் அவர். அப்புறம்தான் விசாரித்தார். அந்த அருவியில் அப்படித் தண்ணீர் விழுவது மழைக்காலத்தில் மட்டும், ஆகஸ்ட், செப்டம்பர். பட்டாசுக்காரனுக்குத் தீபாவளி சீசன் தலைக்கு மேல் நிற்கிற மாதங்களும் அவையேதான். சீசன் முடிந்து இவர் கை ஓய்ந்தால் அருவியும் ஓய்ந்துவிடும். இப்படியே முப்பத்தோரு வருஷம் போய்விட்டது. அந்த ஆகஸ்ட் தாள் மட்டும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது.

இந்த வருஷம் என்ன ஆனாலும் ஆகட்டும், பத்து நாள் கம்பெனியை போர்மேன் பார்த்துக்கொள்ளட்டும் என்று துணிந்துதான் வண்டியை வாங்கினார். இப்போது வண்டி இருக்கிறது, நாள் இருக்கிறது, ஏற வேண்டியவள் ஏற மாட்டேன் என்கிறாள்.

அவள் பயத்தில் தப்பு சொல்லவும் அவரால் முடியாது. கம்பெனி கேட்டுக்குள் போன் ஆகாது. முதலாளியானாலும் லோடுமேன் ஆனாலும் வாட்ச்மேன் மொக்கைச்சாமியின் மரப்பெட்டியில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். அடுத்தவர் போனை மொக்கைச்சாமி தொட மாட்டார், மணி அடித்தால் அடிக்கட்டும். அதனால் தினமும் ஒரு மணிக்கு செந்தூர்பாண்டி கேட்டுக்கு நடந்து வந்து வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பேசுவதற்கு ஒன்றுமில்லை. இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த மணி அடித்த பிறகுதான் ஞானசுந்தரி சாப்பிட உட்காருவாள்.

ஆக, வண்டியோடு அவர் தனியாகவே குடித்தனம் நடத்தினார். வேகத்தடை வந்தால் நேராக ஏற்ற முடியாது, வயிறு உரசும். மாட்டு வண்டியை ஓடைக்குள் இறக்குவதுபோல் கோணலாக விட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். கழுவினால் அன்றைக்கு இடதுபக்க இண்டிகேட்டர் வேலை செய்யாது, காய்ந்தால் தானாகச் சரியாகிவிடும். கம்பெனிக்கு முக்கால் மைல் முன்னாலேயே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து போனார். வெடிமருந்து கலக்கிற அறையில் இருப்பவர்கள் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நடையில் அவருடைய சர்க்கரை குறைந்தது, அது ஒன்றுதான் லாபம். சாயங்காலம் திரும்பும்போது வளைவில் எவ்வளவுதான் பதமாகக் காலை எடுத்தாலும் அது நாலு வெடி வெடிக்காமல் ஊருக்குள் நுழையாது. முதல் வாரம் மாடிக்கு ஓடிய தெரு, அடுத்த வாரம் தலையை மட்டும் திருப்பியது. மூன்றாம் வாரம் எதிர்வீட்டுச் சோலையம்மாள் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே, “பாண்டியண்ணன் வந்துட்டாரு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞானசுந்தரி வண்டிப் பக்கமே திரும்பவில்லை. ஒன்று மட்டும் நடந்தது. அவர் வீட்டுக்குள் நுழைந்து முகம் கழுவித் துண்டை எடுப்பதற்குள் காப்பி வந்துவிடும், ஆடை படியாமல், நுரையோடு. முன்னெல்லாம் கால் மணி நேரமாவது காத்திருப்பார். நல்ல காலம் வந்தால் காப்பிகூடச் சூடாகக் கிடைக்கும்போல என்று நினைத்துக் குடித்தாரே தவிர, ஏன் என்று அந்த மண்டையில் உறைக்கவில்லை. ஆம்பிளைகள் காப்பியைத்தான் பார்ப்பார்கள்.

ஜூலை கடைசியில் மதுரை மெக்கானிக் சிவபாண்டியின் நம்பர் கிடைத்தது. வெளிநாட்டு வண்டிகள் அத்துப்படி. “இன்னைக்குக் கொண்டாங்கண்ணே, பாத்திருவோம்,” என்றார். செந்தூர்பாண்டி வீட்டில் மூச்சு விடவில்லை. சத்தமே இல்லாமல் வாசலில் போய் நின்று, ‘இப்போ ஏறு’ என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. வழக்கம்போலக் கம்பெனிக்குப் போய் இரண்டு ஆர்டரைப் பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்கே கிளம்பினார். கிளம்புகிற அவசரத்தில் போனைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. வேறு தொழில்காரனாக இருந்தால் பத்தாவது நிமிஷம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்திருப்பான். பகலெல்லாம் போன் இல்லாமல் முப்பத்தோரு வருஷம் பழகிய பைக்கு அது தெரியவில்லை.

மதுரையில் சிவபாண்டி முன்னால் வந்து நின்ற வண்டிகளை முடித்துவிட்டு மூன்று மணிக்குத்தான் இவர் வண்டிக்கு வந்தார். அடியில் படுக்கக்கூட இல்லை. டேஷ்போர்டு பக்கம் ஒரு மூடியைத் திறந்து பார்த்தார், சிரித்தார்.

“அண்ணே, மில்காரர் ஒரு பியூஸக் கழட்டி வச்சிருக்காரு. இது மாட்டியிருந்தா புகைக்குழாய்ல ஒரு வால்வு மூடிக்கிடும், பூனை மாதிரி போகும். சத்தம் வேணும்னுதான் கழட்டியிருக்காக.”

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

சுண்டு விரல் நகத்தளவு பியூஸ். அதை மாட்டிக்கொண்டு, சிவபாண்டி வாங்கித்தந்த சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். வண்டி பட்டுத்துணியில் கை வைத்ததுபோல் ஓடியது. வழியெல்லாம் அவராகச் சிரித்துக்கொண்டு வந்தார். தெருமுனையில் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தார், ஒரு பட் இல்லை. வாசலில் நிறுத்தினார். மணி ஆறாகப் போகிறது.

கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே சமையலறை மேடையில் சாப்பாட்டுத் தட்டு மூடியபடி இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தார், சோறு காய்ந்திருந்தது. ஒரு மணி மிஸ்டு கால் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. சட்டைப்பையைத் தொட்டார், வெறும் பை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார்.

மொட்டைமாடியில் ஞானசுந்தரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆமத்தூர் திசையைப் பார்த்து நின்றாள். முதுகுப்பக்கம் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. எத்தனை நேரமாக நிற்கிறாளோ. போன் சுவர் மேல் கிடந்தது.

“சுந்தரி.”

திரும்பினாள். ஒரு நிமிஷம் யாரையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்தார். அவள் அழுது அதுவரை அவர் பார்த்ததில்லை, அவளுடைய அப்பா செத்த அன்றைக்குக்கூட.

“ஒரு மணிக்கு மிஸ்டு கால் வரல. மூணு மணிக்கு டமார்னு ஒரு சத்தம், அந்தப் பக்கம் இருந்து. கெணறு தோண்டுற வெடின்னு சோலையம்மா விசாரிச்சுட்டு வந்து சொல்லுதா. சொன்னா மனசு கேக்கணுமே. போன அடிச்சா அடிச்சுக்கிட்டே இருக்கு.”

“பெட்டியில வச்சிட்டு மதுர போயிட்டேன் சுந்தரி. என் தப்பு. நான் ஒரு மடையன்.”

“சரி, அஞ்சரைக்கு நம்ம வண்டிச் சத்தம் கேட்டுரும்னு அங்கனயே பாத்துக்கிட்டு நின்னேன். கேக்கல. மணி அஞ்சே முக்காலாச்சு, கேக்கவே இல்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “தினமும் அந்தப் பட்பட்டு கேட்டப்பெறகுதான் எனக்கு உசுரு வரும். அதக் கேட்டுத்தான அடுப்புல பால வைக்கேன்.”

மூன்று மாசமாகக் காப்பி சூடாக வந்த காரணம் செந்தூர்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதானே அந்தச் சத்தத்தை ஒழித்துக்கட்டிவிட்டு வந்தார். முப்பத்தோரு வருஷத்தில் வெடிச்சத்தம் கேட்டு அவள் நிம்மதியானது அந்த ஒன்றில்தான், அதையும் கொண்டுபோய் மதுரையில் மூடிவிட்டு வந்திருக்கிறார்.

“அத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“ஏறமாட்டேன்னு வாய விட்டாச்சு. அப்புறம் எப்படிச் சொல்ல?”

அவர் பியூஸ் கதையைச் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். நகத்தளவு சாமான் என்றதும் நம்பாமல், காட்டுங்கள் என்றாள். இருவரும் மெதுவாக இறங்கி வந்தார்கள். அவர் மூடியைத் திறந்து அதைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். காலையில நீங்க கெளம்பையில தாரேன், கம்பெனிப் பக்கம் மாட்டிக்கிட்டே போங்க, பாவம் அங்கன உள்ளவுக. திரும்பி வரையில ஆமத்தூர் தாண்டினதும் கழட்டிருங்க.”

“அருவிக்குப் போகையில?”

அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, முட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தாள். “குழிக்குள்ள எறங்குற மாதிரில்ல இருக்கு,” என்றாள். பியூஸை முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

அவர் வண்டியை எடுத்தார். சிவகாசி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்கள். அருவியைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆனால் அவள், “நாலு சேல போதுமா, சுவெட்டர் வேணுமா?” என்று கேட்டாள். தெருமுனை வந்தது. அவர் காலை எடுத்தார். பட், பட்பட், பட்.

ஞானசுந்தரி மாடியைப் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் கையை ஒரு தடவை தொட்டாள். உடனே சீட்டிலிருந்து எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

“என்ன சுந்தரி?”

“வந்துட்டீகள்ல. பால வைக்கணும்.”