கால் சுற்று

இன்னும் நான்கு மலர்வளையம், பெரியதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்தபோது, தங்கை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா பெட்டிக்குள் கிடக்கிறார். பெண் வெளியே கிளம்புகிறாள். அத்தையின் புருவம் நெற்றி உச்சிக்கே ஏறிவிட்டது.

"எங்க போற?"

"மண்டபத்துக்கு. வண்டி வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

அண்ணனும் கூடப் போனான்.

பழைய மரக் கட்டடங்களைச் செப்பனிட்டுக் காப்பது அப்பாவின் வேலை. தங்கை அதில் கூட்டாளி. அண்ணன் வெளியூரில் மொத்த வியாபாரி. எதையும் சில்லறையாகச் செய்து பழக்கமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கூடை கூடையாகப் பழத்தோடு வந்து, அந்த வருஷத்துப் பாசம் மொத்தத்தையும் ஒரே மத்தியானத்தில் இறக்கிவைத்துவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடிப்பான். பாதிப் பழம் அழுகும். அப்பாவோ மரத்துக்குச் செய்வதைப் போலவே, கெட்டதைச் செதுக்கி எறிந்துவிட்டு நல்லதைத் தின்பார்.

நேற்றும் அப்படித்தான் ஆஸ்பத்திரியில் வந்து இறங்கினான். தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்பா கண்ணைத் திறந்து, "திருப்பியாச்சா?" என்றார். எதை என்று அவனுக்குத் தெரியாது. சரக்கு கிளம்பிவிட்டதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிற அதே வாயால், "ஆச்சுப்பா" என்றான். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். அப்புறம் திறக்கவில்லை.

அப்பா கடைசியாகச் செப்பனிட்டுக்கொண்டிருந்த மண்டபத்துக்குள் மரவாடை. நடுவே தொய்ந்துபோன உத்தரம், அதைத் தாங்கி ஒரு முட்டுக்கட்டை, கட்டைக்கு அடியில் இரும்பு ஜாக்கி. உத்தரத்தை உயர்த்த ஜாக்கியை ஒரு நாளைக்குக் கால் சுற்றுதான் திருப்பலாம், அதற்குமேல் கிடையாது என்றாள் தங்கை. காலங்காலமாகக் குனிந்த மரம், நிமிரவும் அவகாசம் கேட்குமாம். அப்பா ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து யாரும் தொடவில்லை. அவர் கிளம்புகிற நாளாவது விட்டுப்போக வேண்டாம் என்றுதான் வந்தாளாம்.

அவனுக்குச் சுருக்கென்றது. நேற்று அவர் கேட்டதைச் சொன்னான். தான் சொன்ன பதிலையும் சொன்னான். அவள் ஜாக்கிக் கம்பியை அவன் கையில் கொடுத்தாள்.

திருப்பினான். மேலே உத்தரம் மெல்ல முனகியது. பொலபொலவென்று தூள் கொட்டியது.

"விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேத்துத் திருப்பிடறேன்."

"கூடாதுண்ணா. மரம் வெடிச்சிரும்."

"நேத்து ஒரு நாளுக்கு மட்டும்."

"விட்டது விட்டதுதான். அப்பாவே அப்படித்தான் விட்டுடுவாரு."

"அதுல பாதி?"

வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவன், இவ்வளவு தணிந்த குரலில் யாரிடமும் கேட்டதில்லை. அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவன் கம்பியை உருவிச் சுவரோரம் சாய்த்துவைத்தான்.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றிருந்தது. மலர்வளையங்கள் உள்ளே வைக்க இடமில்லாமல் வெளியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெட்டியைத் தூக்க ஆள் சேர்ந்தார்கள். அவன் தோளில் மரத்தூளைப் பார்த்து, தட்டிவிடுவதற்கு அத்தை கை நீட்டினாள்.

அவன் விலகிக்கொண்டு, பெட்டிக்கு மறுதோளைக் கொடுத்தான்.