மொரெல் வரையாத தண்ணீர்

1

இந்தக் கதை பிறந்ததற்கு நான் பொறுப்பில்லை. நகரமன்றக் கூடத்தில் மொரெலின் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பெண்மணிதான் காரணம். காவலுக்கு என்று பேர்பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள்: "ஏங்க, இந்த ஊர்ல கடல் இருக்குதா?"

ஜன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. சுவரில் மட்டும் இல்லை. நாற்பது வருடமாகக் கோடை தவறாமல் எங்கள் போர்-கெலெனுக்கு வந்து நாலாயிரம் ஓவியம் (சரி, முந்நூறு) தீட்டிய மனிதர், ஒன்றில்கூடச் சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை. எங்கள் கடல் தினம் இருமுறை உள்வாங்கி மறுபடி ஏறும். எல்லாமே அது உள்வாங்கிய நேரம். சேற்றில் படகுகள் சாய்ந்து கிடக்கும். காலமெல்லாம் இதே துறைமுகத்தில் ஐஸ் உடைத்து விற்ற எனக்கு அது உறைக்கவே இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "எங்கள் பிரெத்தாஞ் கடற்கரையில் பொன்னந்தி சாய்கையில்..." வேண்டாம். எங்கள் அந்தி ஈயநிறம்.

இரண்டாவது: "மொரெலுக்குத் தண்ணீர் என்றால் பயம், ஏனெனில் சிறுவயதில் அவர்..." இதை மதுக்கடையில் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் அவர் மூன்று முறை மூழ்கிப் பிழைத்துவிட்டார்.*

(* நான் மூழ்கடித்தது ஒருமுறைதான்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

3

மீன்பிடித்து ஓய்ந்த லொயிக்கின் படகை வாங்க ஆளில்லை. சனிக்கிழமை உடைக்கப்போகிறார்கள். அது தெரிந்ததிலிருந்து அவன் துறைமுகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் மனைவி மரிவோன், என்னையும் இழுத்துக்கொண்டு மொரெலிடம் போனாள்.

மரிவோன் கண்கலங்க... (அடித்துவிட்டேன். அவள் கலங்குகிற ஆள் இல்லை. கையில் அப்பம் திருப்புகிற கரண்டியோடுதான் போனாள்.)

"ஓவியரே, எங்க படக எத்தன தடவ போட்டிருக்கீங்க?"

"நெறைய இருக்கும்மா."

"அத்தனையிலயும் குடிச்சிட்டு விழுந்த ஆளு மாதிரி கெடக்கு. ஒரே ஒரு தடவ மெதக்கற மாதிரி போட்டுக் குடுங்க. எங்க வீட்டுக்காரரு வெறும் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அங்க மாட்டணும்."

மொரெல் தூரிகையைத் துடைத்தார். அது சுத்தமான பிறகும் துடைத்தார்.

"எனக்குத் தண்ணி வரைய வராதும்மா. கடல வரையலாம்னுதான் சின்ன வயசுல பஸ் ஏறி வந்தேன். எறங்குறப்ப கடலக் காணோம். படகெல்லாம் படுத்துக் கெடந்துச்சு. அதப் பாத்ததும் வேற ஊரே வேணாம்னு தோணிடுச்சு. தண்ணி ஏறுனா எல்லாத்தையும் மூடி வெச்சிட்டுத் தூங்கப் போயிடுவேன்."

"பகல்ல தூங்குன ஆளு பேரையா எங்க தெருவுக்கு வெச்சோம்?" என்றேன்.

"நீ சும்மா இரு, ஐஸ்காரா," என்றாள் மரிவோன். "வராட்டி என்ன ஓவியரே, பழகுங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் நேரம் கெடக்கு."

4

கடல் ஏறும்போதெல்லாம் மொரெல் கரையில் உட்கார்ந்தார். ஊரே சுற்றி நின்று யோசனை சொன்னது. (ஊர் என்றால் ஏழு பேர், ஒரு நாய்.) முதல் தண்ணீர் உருளைக்கிழங்கு வயல் மாதிரி வந்தது. அடுத்தது வெண்ணெய். கிழித்தார்.

வெள்ளி மாலை லொயிக்கின் வீட்டுக்கு ஒரு ஓவியத்தோடு வந்தார். படகு நிமிர்ந்து நின்றது, கயிறு விறைக்க, மூக்கைத் தூக்கிக்கொண்டு. அதற்குக் கீழே சாயம் படாத வெறும் துணி.

"தண்ணி எங்க?" என்றாள் மரிவோன்.

"என் கைக்கு வரல." சாயத்தட்டையும் தூரிகையையும் லொயிக்கின் முன்னால் வைத்தார். "நீங்க போடுங்க."

லொயிக் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான். "நான் வேலிக்குப் பெயின்ட் அடிச்சவன். கெடுத்துப்புடுவேன்."

"கெடட்டும். நான் முந்நூறு கெடுத்திருக்கேன்."

5

முடிவு ஒன்று: லொயிக் தூரிகையை எடுக்கிறான். (மரிவோன் இதற்கு மேல் படிக்க மாட்டாள்.)

முடிவு இரண்டு: எடுக்கவில்லை. படகு அந்தரத்தில் நின்றபடியே சுவருக்குப் போகிறது.

முடிவு மூன்று: ஐஸ்காரர் பாய்ந்து தானே ஒரு மகாசமுத்திரத்தை... (கையைப் பிடித்துவிட்டார்கள்.)

உண்மையில் எது என்று கேட்காதீர்கள். நான் எழுதிய வரைக்கும் லொயிக் நாற்காலியை மேசையருகே இழுத்திருக்கிறான், அவ்வளவுதான். கை நீள்கிறது. தூரிகைக்கா, தட்டைத் தள்ளிவைக்கவா? இங்கிருந்து மரிவோனின் முதுகு மறைக்கிறது. நீங்கள் அவன் பக்கத்தில் நிற்கிறீர்கள். சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள், சாயம் காய்கிறது.