ஒன்றும் குறையவில்லை

பரவை ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் ரிசல்ட்டுகளை ஆஸ்பத்திரியின் கிளவுடுக்கு ஒரே திசையில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. நேராக அனுப்பினால் ஆகாதா, நடுவில் எல்லாவற்றையும் வரிசையாகப் பிடித்து வைக்கும் கியூ எதற்கு என்று பவதாரிணி தன் டீம் லீட் யாசீனோடு மல்லுக்கு நின்றாள். ஆஸ்பத்திரி சர்வர் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் தரும்வரை கியூவில் ஒன்றையும் அழிக்கக் கூடாது என்று அவன் பிடித்த பிடியை விடவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதமாக அவள் அவனை ‘அண்ணே’ என்று கூப்பிடுவதில்லை, ‘சார்’தான்.

இன்று காலை பத்து மணிக்கு அந்த சர்வர் படுத்துவிட்டது. கூடத்து மெஷின்கள் அவை பாட்டுக்கு ரிசல்ட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தன. கியூவின் எண்ணிக்கை ஏறுவதைப் பவதாரிணி பார்த்துக்கொண்டிருந்தாள். நேராக அனுப்பியிருந்தால் அத்தனையும் காற்றோடு போயிருக்கும். பதினொரு மணிக்கு சர்வர் எழுந்ததும், கியூவில் காத்திருந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் வந்த வரிசையிலேயே போய்ச் சேர்ந்தன. கூடம் அனுப்பியதையும் ஆஸ்பத்திரிக்கு வந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. ரத்தம் மிகக் குறைவு என்றிருந்த ஒரு பிள்ளைத்தாச்சியின் ரிசல்ட்டும் அதில் இருந்தது.

யாசீன் வந்து எட்டிப் பார்த்தான். “ரிசல்ட்டக் காணோம்னு யாராச்சும் போன் பண்ணாங்களா?”

“ஒருத்தரும் பண்ணல.”

“அப்பச் சரி” என்று திரும்பி நடந்தான்.

“தேங்க்ஸ்ண்ணே” என்றாள் அவன் முதுகைப் பார்த்து.