மாடியறையின் நிழல்

பயிற்சி நடத்துபவர் யார் என்று முன்பே தெரிந்திருந்தால், இவன் ஆபீசில் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பான். கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒயர் சுருளைப் பிரித்துக்கொண்டு நின்றது இவன் மனைவியின் அண்ணன்.

மச்சானுக்குத் தொழில் சோலார். கட்டடம் வரைகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் இப்போது அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். தங்கை செத்துப்போன பிறகு அவர் இவனிடம் போனில் கேட்டது ஒன்றே ஒன்று. அவள் ஆசைப்பட்ட வீட்டைக் கட்டி முடிக்கலாமா? அஸ்திவாரம் போட்டு அப்படியே கிடக்கிறது. வரைபடம் இவனே போட்டது. "சோலார் என் பொறுப்புடா" என்றும் சொல்லியிருந்தார். இவன் யோசிக்கிறேன் என்றான். அப்புறம் போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

"வாங்க, உட்காருங்க," என்றார் மச்சான். கல்லூரியில் இவனுக்கு சீனியர் அவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே "வாடா மாப்ள"தான். இது வகுப்பு, அதனால்தான் என்று இவன் சமாதானம் செய்துகொண்டான்.

மச்சான் நன்றாகப் பேசினார். எப்போதுமே வாய் உள்ளவர்.

"உங்க வழக்கம் எனக்குத் தெரியும். கட்டடத்த அழகா வரைஞ்சு முடிச்சிட்டுக் கடைசியில என்னைக் கூப்பிடுவீங்க. 'எங்கயாவது கண்ணுல படாம வச்சிடுங்க'ம்பீங்க. சூரியன் கண்ணுலயும் படாம வச்சா அதுக்குப் பேரு பேனல் இல்லீங்க, கண்ணாடி மேசை."

சிரித்தார்கள்.

"பேனல் வரிசைங்கிறது கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருத்தர் மூஞ்சத் தூக்கி வச்சா போதும், வீடே பட்டினி. ஒண்ணு மேல நிழல் விழுந்தா வரிசையே படுத்துடும்."

"எங்க ஆபீஸ்ல அந்த நிழல் யாருன்னு எனக்குத் தெரியும் சார்," என்றாள் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி. மறுபடி சிரிப்பு. இவனும் பல்லைக் காட்டி வைத்தான்.

தேநீருக்குப் பிறகு செய்முறை. திரையில் ஒரு வீட்டின் மொட்டைமாடி பேனல் வரிசைகளோடு விரிந்தது. தன் கையெழுத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது இவனுக்கு. தன் கோடுகள்தான், அவளுக்காகப் போட்ட வீடு.

மாடியின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்ன அறை. வரைபடத்தில் 'ஸ்டோர்' என்று எழுதியிருக்கும். ஸ்டோர் இல்லை. "கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறதெல்லாம் பழசு," என்று அவள் சொன்னாள். "படியேறிப் போற தூரத்துல எனக்கு ஒரு அறை போடு. கீழ உட்கார்ந்தா நீ உடனே காபியத் தூக்கிட்டு வந்துடுவ." மச்சானும் அன்று கூட இருந்தார். "ஜன்னல் வைடா மாப்ள. நீ கீழ தவிக்கிறத அவ வேடிக்கை பாக்கணும்ல?" என்றார். ஜன்னலும் வைத்தான்.

மச்சான் கணினியில் குளிர்கால மாதத்தைத் தட்டினார். சூரியன் தெற்கே தாழ்ந்தது. அறையின் நிழல் மாடி முழுக்க நீண்டு படுத்தது. நிழல் பட்ட பேனல்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின.

"இந்த வீட்டுல சோலார் வைக்கணும். அறை இங்க இருக்கு. என்ன பண்ணலாம்? யாரு வர்றீங்க?"

எல்லாரையும் கேட்டார். பார்த்தது இவனை மட்டும். கேள்வி சோலாரைப் பற்றியது அல்ல என்று இவனுக்கும் புரிந்தது.

எழுந்து போனான். திரையில் வரையும் பேனாவை வாங்கினான். ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அதற்குள் கை வேலையை ஆரம்பித்துவிட்டது. அறையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டான். அழித்தான்.

நிழல் போயிற்று. பேனல்கள் அத்தனையும் பச்சையாயின.

மச்சான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியான விடை," என்றார். "நிழல் இல்ல. முழுசா மின்சாரம் வரும்."

"சார், அறைய ஏன் எடுக்கணும்?" கண்ணாடிக்காரப் பெண் கையைத் தூக்கினாள். "அது மேலயே பேனல வச்சு, அதே உயரத்துல இரும்புச் சட்டம் போட்டு வரிசையக் கொண்டு போயிடலாமே? பாவம், அந்த வீட்டுல யாராவது ஆசையா கேட்டிருப்பாங்க."

"அதுவும் சரிதான்," என்றார் மச்சான்.

இவன் இன்னும் பேனாவோடுதான் நின்றான். எத்தனையோ வீடுகளுக்கு இதையே செய்து கொடுத்திருக்கிறான். இன்றைக்கு அது நினைப்பிலேயே வரவில்லை. எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் வந்தது.

வகுப்பு முடிந்து இறங்கியபோது மச்சான் மாதிரிப் பேனலை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். இவன் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தான்.

"மச்சான்... கை தானா போயிடுச்சு."

"ம்."

"அவ சொன்ன மாதிரியே வச்சிடலாம். திருப்பி வரைஞ்சு அனுப்புறேன்."

"வரையுறதுக்கு என்ன, ஒரு பட்டன அமுக்கினா திரும்பி வந்துடும்." பேனலை உள்ளே தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். சுற்றுமுற்றும் ஒருவரும் இல்லை. "அவளுக்குக் கோவிச்சுக்க இருந்த ஒரே இடம். அதையும் எடுத்துட்டீங்களே, மாப்பிள்ளை."

அந்த 'ங்க' இவனுக்குச் சுருக்கென்றது.

"மச்சான், நீங்க என்னை இப்படி..."

"வீட்ட உங்களுக்குத் தோணுற மாதிரி கட்டுங்க. உங்க கைக்கு நல்லாத்தான் வரும். சோலாருக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க."

குரலை உயர்த்தவில்லை. வெயிலில் நிற்காதீங்க என்றுகூடச் சொன்னார். வேன் திரும்பி வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

கண்ணாடிக்காரப் பெண் வண்டியை எடுக்க வந்தாள்.

"சார், உங்க விடை தப்புன்னு நான் சொல்ல வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல. நீங்க சொன்னதுதான் சரி."

"நிஜ வீடு மாதிரியே இருந்துச்சே. யாருதுன்னு தெரியுமா சார்?"

"ஒரு கிளையண்ட்," என்றான்.

"கட்டிட்டாங்களா?"

இவன் சட்டைப் பையில் சாவியைத் தேடினான். அவள் வரேன் சார் என்று கிளம்பினாள்.