கூடாரத்துக்குள் ஜோஸ்லின்

ஒன்றரை வயசாகியும் பிள்ளை தவழ்ந்துகொண்டே இருந்தால் பெற்றவள் மனசு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்குலினுக்குச் சோறு இறங்கவில்லை. மூத்தவன் டேவிட் முதல் பிறந்தநாளைக்கு முன்பே வீட்டைச் சுற்றி ஓடினவன். சின்னவள் ஜோஸ்லின் சுவரைப் பிடித்து எழுவாள், கையை விட்டதும் பொத்தென்று உட்கார்ந்து அழுவாள். அழுகை முழுசாக வெளியே வருவதற்குள் ஜாக்குலின் அவளை அள்ளி இடுப்பில் வைத்திருப்பாள். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பொறுங்கள் என்றார். பொறுக்கச் சொல்வது எளிது.

பாம்பனிலிருந்து புருஷன் லாரன்ஸின் அக்கா செல்வம்மாள் போனில் முகம் காட்டிப் பேசினாள். "கடல் மண்ணுல குழி தோண்டி இடுப்பு வரைக்கும் இறக்கி நிக்க வைங்கடி. கால் தன்னால ஊனும். நம்ம வீட்டுப் பிள்ளைகள எல்லாம் அப்படித்தான நடக்க வச்சோம்."

லாரன்ஸ் உடனே கிளம்பிவிட்டான். தீவின் படகுத்துறையான ஹட் பே ஜெட்டியில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன் அவன். அக்கா சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஜாக்குலின் ஒன்றுதான் கேட்டாள்.

"நாலு பேர் பார்க்கிற பீச்சுல வேண்டாங்க. பிள்ளைக்கு என்னவோ ஏதோன்னு பேசுவாங்க."

அதனால்தான் அந்த ஆளில்லாத கரை. ஈஸ்டர் லீவு. பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வத்திடம் கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு, ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று நடுப்பகலில் போனார்கள். வழியில் கடலோடு சேர்கிற ஓர் ஓடை. கணுக்கால் தண்ணீர். ஓரத்தில், முதலை இருக்கிறது, இறங்காதே என்று ஒரு மஞ்சள் பலகை.

"கணுக்கால் தண்ணில முதலைக்கு என்ன வேலை," என்று சிரித்தபடி லாரன்ஸ் டேவிட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

ஜாக்குலின் போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில், சிமெண்ட் முற்றத்தில் வளர்ந்தவள். கடலில் பிறந்து வளர்ந்த புருஷனுக்குத் தெரியாததா என்று பின்னால் போனாள். ஆனால் பாருங்கள், அவன் பிறந்த பாம்பன் கரையில் கடல் ஏறினாலும் இறங்கினாலும் முழங்காலைத் தாண்டாது. இந்தத் தீவில் அது ஆள் உயரம் ஏறும். வந்த நாள் முதலாக தண்ணீரோடு கூடவே மிதக்கும் ஜெட்டியில் நின்றே வேலை பார்த்த லாரன்ஸுக்குத் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் கண்ணில் படவே இல்லை.

காய்ந்த மணல் சரிந்ததால் ஈர மணலில் குழி தோண்டினான். ஜோஸ்லினை இறக்கி மண்ணை அணைத்ததும் அவள் வீறிட்ட வீறலில் மரத்தில் இருந்த கிளிகள் பறந்தன.

"வெளியே எடுங்க, போதும்."

"இப்பத்தானடி வச்சேன். கொஞ்சம் ஊனட்டும்."

எடுத்தார்கள், வைத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். மூன்றாம் தடவை வைக்கப் போனபோது குழிக்குள் அடியிலிருந்தே தண்ணீர் ஊறியிருந்தது. லாரன்ஸ் நிமிர்ந்து பார்த்தான். கடந்து வந்த ஓடையைக் காணோம். அந்த இடத்தில் அகலமாக ஓர் ஆறு நின்றது. அதன் நடுவே ஒரு கட்டை நீரோட்டத்துக்கு எதிராக நகர்ந்தது.

"கட்டைதான்," என்றான்.

பின்னால் வழியில்லாத காடு. போனில் சிக்னல் இல்லை. மணல் குறுகிக்கொண்டே வந்தது. கூடாரத்தை மரத்தடிக்கு நகர்த்திக் கட்டி முடிப்பதற்குள், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, கடலிலிருந்து காற்றும் மழையும் ஒன்றாக வந்து அறைந்தன. முளைகள் பிடுங்கிக்கொண்டன. கம்பி ஒன்று முறிந்தது. உள்ளே புகுந்து, புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் கம்பியை இரண்டு கையாலும் தாங்கி நின்றார்கள்.

"டேவிட், நீ அந்த மூலைல கல்லு மாதிரி உட்காரு. அசையாதே," என்றான் லாரன்ஸ்.

ஜோஸ்லின் நடுவில், போர்வைமேல் உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி அழுதாள்.

"ஏங்க, என் பக்கத்தையும் கொஞ்சம் பிடிங்க. பிள்ளையைத் தூக்கிட்டு வந்துர்றேன்."

"எனக்கு என்ன நாலு கையா இருக்கு. நீ விட்டா கூடாரம் பறந்துரும்."

"தொண்டை கட்டிரும்ங்க."

"அழட்டும். அழுதா ஒண்ணும் ஆகாது."

"மணி பார்த்து ஓடையைக் கடக்கத் தெரியல, இதுல பிள்ளை வளர்க்க எனக்குச் சொல்லித் தர்றீங்க."

"பஸ் கரோ, போதும் நிறுத்து ஜாக்குலின். கை வழுக்குது."

அள்ள முடியாத பிள்ளையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சுற்றிலும் தண்ணீர், மேலே துணி, கையில் கம்பி. இரண்டு எட்டு தூரத்தில் பிள்ளை.

"மம்மி," என்றான் டேவிட். "ஜோஸ் நிக்கிறா."

பிடிக்கச் சுவர் இல்லை. படபடக்கும் துணியை நம்ப முடியாது. ஜோஸ்லின் இரண்டு கையையும் போர்வையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, மெல்ல நிமிர்ந்திருந்தாள். பாதியில் நின்ற அழுகை வாயிலேயே இருந்தது. ஒரு கால் வைத்தாள். விழுந்தாள். ஜாக்குலினின் கை கம்பியை விடப் பார்த்தது. காற்று அவளை விடவில்லை.

யாராவது வருகிறார்களா என்று ஜோஸ்லின் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி எழுந்தாள். குடித்தவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி வந்து, அம்மாவின் சுடிதாரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

லாரன்ஸ் கம்பியோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தான். ஜாக்குலினுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின. துடைக்கக் கை இல்லை.

அவள் குனிந்து ஒரு முத்தம் கொடுப்பதற்குள் பிள்ளை திரும்பிவிட்டாள். போர்வையைத் தாண்டி, அலைச்சத்தம் கேட்கிற வாசலை நோக்கி.

"டேவிட், ஓடு, வாசலை அடைச்சு உட்காரு," என்றாள் ஜாக்குலின்.

"கல்லு எப்படி மம்மி ஓடும்."

"நீ ஓடுற கல்லுடா."

அவன் போய் ஜிப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். ஜோஸ்லின் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து வழி கேட்டாள். பிள்ளை நடந்துவிட்டால் போதும், தன் பயமெல்லாம் தீர்ந்துவிடும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தவள் ஜாக்குலின். துணிக்கு வெளியே நாலடியில் தண்ணீர் கிடந்தது.

"ஏங்க, தண்ணி எப்ப வத்தும்?"

லாரன்ஸ் யோசித்தான். "தெரியல," என்றான், அவளைப் பார்க்காமல்.

ஜோஸ்லின் விழுந்தாள், எழுந்தாள். அம்மாவிடம் வந்து முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, தூக்கச் சொல்லாமலே போனாள். ஜாக்குலின் கம்பியைத் தோளில் மாற்றிக்கொண்டு, அவள் போகிற திசையெல்லாம் கண்ணால் கூடப் போனாள்.