அமைதிக்கு ஒரு செய்முறைத் தேர்வு

என் முதன்மைப் பாடம் வேதியியல். துணைப்பாடம் அமைதியும் மோதலும். அதற்குச் செய்முறைத் தேர்வு உண்டு. ஆளுக்கு ஒரு சண்டையை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதைத் தீர்த்து வைப்பார். தீர்ந்த சண்டையைத் துறை வைத்துக்கொள்ளும். கொண்டுவராதவர்களுக்கு டிகிரி கிடையாது.

துறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. எங்கள் கல்லூரிக்கு இரண்டு மாடிதான். ஏறிப் பழகிவிட்டால் சிரமமில்லை.

வகுப்பில் மற்ற முப்பத்தொரு பேரும் சீனியர் ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் நின்ற தென்னைமரம் யாருக்கு என்பது அதிலிருந்த சண்டை. தேர்வன்று அந்த மரமே வந்து வராந்தாவில் நின்றது. முப்பத்தொரு பேரும் அதற்காகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். காப்பியடிக்கிறவர்கள் வேப்பமரம் என்றாவது மாற்றி எழுதியிருக்கலாம். இந்தச் சோம்பேறித்தனம்தான் எனக்கு ஆகாது.

என்னுடையது சொந்தச் சண்டை. அம்மா இறந்த மாதம், அம்மாவின் நீலச் சுங்குடிச் சேலையை வெட்டி அக்கா தலையணை உறை தைத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருடமாக நாங்கள் நேராகப் பேசுவதில்லை. அவள் தைத்தது இரண்டு உறை. ஒன்றில்தான் நான் தலை வைத்துப் படுக்கிறேன். அது வேறு விஷயம்.

அக்கா எதையும் ஃப்ரிட்ஜிடம் சொல்வாள். ஃப்ரிட்ஜ் என்னிடம் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லும்.

"மழ வருதாம். குட எடுத்துட்டுப் போவணுமாம்."

ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது வரும். நானும் பதில் சொல்லி அனுப்புவேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சண்டையை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுபோனேன். உப்பைச் சோதிக்கும் முறைப்படி ரெக்கார்டு எழுதியிருந்தேன். நிறம்: நீலம். மணம்: அந்துருண்டை. தண்ணீரில் கரையாது. கண்ணீரிலும் கரையவில்லை.

தேர்வாளர் இரண்டு பேராக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் பேசினால் மற்றவர் தலையாட்டினார்.

"ஒரிஜினலா?"

"ஆமா சார்."

"இந்தக் காலத்துல யாரும்மா ஒரிஜினல் கொண்டாராங்க? கையெழுத்துப் போடு."

"குடுத்தா திரும்பக் கெடைக்குமா சார்?"

"அமைதி கெடைச்ச பொறவு இது எதுக்கு?"

எனக்குப் பயமாக இருந்தது. டிகிரியை நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் மூடியைத் திறந்து ஒரு ஊது ஊதினார். பாக்ஸைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கு நூறு.

வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்க. யாரப் பாக்கணும்?"

மிகவும் அமைதியாகக் கேட்டாள். முன்னறையில் உட்காரவைத்து, விருந்தாளிகளுக்கான பூப்போட்ட கப்பில் டீ கொடுத்தாள். ஃப்ரிட்ஜ் சமையலறையில் வாயை மூடிக்கொண்டு நின்றது. கொடியில் இரண்டு நீல உறையும் காய்ந்தன. இரண்டாவது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இந்த வருசம் வெயில் ஜாஸ்திதான்" என்றாள்.

அதற்குமேல் அவளுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று வருடச் சண்டையில்கூட அவள் என்னை இப்படித் தனியாக விட்டதில்லை.

டீயைக் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அக்கா போடும் டீ எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

"இதெல்லாம் ஒரு டீயா? கழனித்தண்ணி" என்றேன்.

அக்காவின் முகம் சிவந்தது. எழுந்து விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள்.

"குடிச்சா குடிக்கட்டும், இல்லன்னா வாசல்ல கொட்டட்டும். அந்தக் கொழுப்பெடுத்தவகிட்ட போய்ச் சொல்லு!"

அப்போது கல்லூரியிலிருந்து போன் வந்தது. என் நூறைக் கோடு போட்டு அடித்துவிட்டார்களாம். அரியராம். அடுத்த வருடம் மறுபடி எழுத வேண்டுமாம். சரி சார் என்றேன்.

ஃப்ரிட்ஜ் முன்னறைக்கு வந்து தொண்டையைச் செருமியது. நான் கப்பைக் காலி செய்துவிட்டு, இன்னொரு கப் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.